டிரிங்கோமலி: பெரிய போர் எதுவும் காணாமலே 200 வயதைத் தாண்டிய பாய்மர ஃபிரிகேட்

கொடிமரம்:
பாய்மரக் காலப் போர்க்கப்பல் என்றதும் எல்லோரும் நெல்சனின் விக்டரியில்தான் ஆரம்பிப்பார்கள். நான் வேறொன்றைப் பற்றி எழுதப் போகிறேன். விக்டரி கரையில், உலர்துறையில் முட்டுக்கட்டைகள் மேல் நிற்கிறது. இன்றைக்கும் தண்ணீரில் மிதக்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தது ஹெச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற ஃபிரிகேட், அதாவது பெரிய போர்க்கப்பல்களைவிடச் சிறிய, வேகமான பாய்மரப் போர்க்கப்பல். இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹார்ட்டில்பூல் என்ற துறைமுக ஊரில் இருக்கிறது. உலகக் கணக்கில் அதைவிட வயதான மிதக்கும் போர்க்கப்பல் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன், 1797 இல் நீரில் இறங்கியது.

டிரிங்கோமலியைக் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது 1812 அக்டோபரில். பம்பாய் கப்பல் தளத்தில் நீரில் இறங்கியது 1817 அக்டோபர் 12. நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யாரோடு சண்டை போடுவதற்காகக் கட்டினார்களோ அவரைச் செயின்ட் ஹெலினா தீவில் காவலில் வைத்தாயிற்று. 1819 ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தது. உடனே பாய்மரங்களையும் பீரங்கிகளையும் கழற்றி, மேல்தளத்துக்குக் கூரை போட்டு ஓரமாகக் கட்டி வைத்துவிட்டார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கப்பல் பிழைத்ததற்குக் காரணம் வீரம் அல்ல, தாமதம். வேலை இல்லாத நேரத்தில் பிறந்ததால்தான் இன்றுவரை இருக்கிறது. ஒத்துக்கொள்ளாதவர்கள் வரலாம்.

நீரோட்டம்:
1812 இல் உத்தரவு, 1817 இல் கப்பல். ஒரு ஃபிரிகேட் கட்ட ஐந்து வருஷமா? அதுவும் போர்க்காலத்தில்?

கொடிமரம்:
கட்டுவதற்கு அவ்வளவு காலம் ஆகவில்லை. ஏரா (கப்பலின் அடிமரம்) வைத்தது 1816 இல், அதிலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் கப்பல் தயார். அதற்கு முந்தின நாலு வருஷம் போனதற்குக் காரணம் வரைபடம்.

கப்பலின் வரைபடங்களை பம்பாய்க்கு எடுத்துக்கொண்டு கிளம்பியது ஹெச்.எம்.எஸ். ஜாவா. பம்பாயில் கட்டிக்கொண்டிருந்த கப்பல்களுக்கான செப்புத் தகடுகளும் அதில்தான் இருந்தன. 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால், பாஹியா பக்கத்தில், எதிரே வந்தது அந்த கான்ஸ்டிடியூஷன். பிரிட்டனும் அமெரிக்காவும் அப்போது போரில் இருந்தன. ஜாவா நொறுங்கியது. கேப்டன் லாம்பர்ட் பட்ட காயத்தில் இறந்துபோனார். இழுத்துப்போக லாயக்கில்லாத நிலை என்று அமெரிக்கர்கள் ஜாவாவுக்குத் தீ வைத்துவிட்டார்கள். வரைபடமும் போயிற்று. மறுபடி வரைபடம் அனுப்பி வேலை தொடங்குவதற்குள் போரே முடிந்துவிட்டது.

ஆக, இன்று மிதப்பதில் உலகிலேயே மூத்த போர்க்கப்பல்தான் இரண்டாவது மூத்ததின் பிறப்பைத் தள்ளிப் போட்டிருக்கிறது. கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

தேக்குப்பலகை:
நல்ல இழை. பம்பாய் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் எழுதப்படும் பல கட்டுரைகள் "பம்பாயில் கட்டப்பட்டது" என்ற ஒரு வரியோடு இதைத் தாண்டிப் போய்விடும்.

கட்டியவர் ஜம்சேட்ஜி போமன்ஜி வாடியா. 1736 இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் வழியில் வந்த பார்சி குடும்பம். தலைமுறை தலைமுறையாகத் தலைமைக் கப்பல் கட்டுநர் பதவி அந்த வீட்டிலேயே இருந்தது. முதலில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்டினார்கள், பிறகு பிரிட்டிஷ் அரச கடற்படை நேரடியாகவே அவர்களிடம் வந்தது. சும்மா வரவில்லை. இருபது வருஷப் போரில் இங்கிலாந்தின் ஓக் மரங்கள் கரைந்து போயிருந்தன. முதிராத மரத்தில் அவசரமாகக் கட்டிய கப்பல்கள் சில வருஷங்களிலேயே உளுத்தன. 1812 இல் அமெரிக்காவோடும் சண்டை வந்தபோது பைன் மரத்தில்கூட ஃபிரிகேட் கட்டிப் பார்த்தார்கள். சீக்கிரம் முடியும், சீக்கிரம் அழுகும்.

மலபார் தேக்கு அப்படியல்ல. அதிலுள்ள எண்ணெய்ப் பசையால் நீரும் பூச்சியும் எளிதில் உள்ளே போகாது. ஓக்கில் இருக்கிற டானின் அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும், அரிபட்ட ஆணியைச் சுற்றி மரமும் கெடும். தேக்கில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மாலுமிகளுக்குத் தேக்கின் மேல் ஒரே ஒரு குறை. குண்டு பட்டுத் தெறிக்கும் தேக்குச் சிம்பு உடம்பில் ஏறினால் புண் சீழ் பிடிக்கும் என்று நம்பினார்கள்.

டிரிங்கோமலிக்கு ஆன செலவு சுமார் 23,000 பவுண்ட். பார்சி வழக்கப்படி ஏரா வைக்கும்போது வெள்ளி ஆணி ஒன்றை அதில் அறைந்தார்கள். அதே தளத்தில் கட்டிய மற்றவற்றையும் பாருங்கள். கார்ன்வாலிஸ் (1813): 1842 இல் சீனாவோடு செய்த நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானது இதன் தளத்தில். வெல்லஸ்லி (1815): 1940 இல் ஜெர்மன் விமானக் குண்டுவீச்சில் தேம்ஸ் நதியில் மூழ்கியது, அப்போது அதற்கு 125 வயது. ஏஷியா (1824): 1827 இல் நவரினோ போரில் தளபதி காட்ரிங்டனின் கொடிக்கப்பல். இவ்வளவு வேலை செய்த அந்த ஓடாவிகள் (கப்பல் தச்சர்கள்) ஒருவரின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. வாடியா பெயர் கிடைத்ததே பெரிது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் கொடிமரம் அண்ணனுக்கு என் மறுப்பு: தாமதத்தால் பிழைத்தது என்பது பாதிதான். 25 வருஷம் சும்மா கிடந்த ஓக் கப்பலாக இருந்தால் 1845 இல் விறகுக்குத்தான் போயிருக்கும்.

திருமலைக்கரை:
வணக்கம். எங்கள் ஊர் திருகோணமலையின் ஆங்கிலப் பெயரைத் தலைப்பில் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன்.

பெயர் வந்த காரணம் பற்றி யாரும் சொல்லவில்லை. 1782 இல் எங்கள் கடலில் நடந்த சண்டையின் நினைவாக வைத்தது என்பார்கள். அந்த வருஷத்தை ஒருக்கால் பாருங்கோ. ஜனவரியில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் வந்து அதைத் திரும்பப் பிடித்துவிட்டார். செப்டம்பர் 3 அன்று ஆங்கிலத் தளபதி ஹியூஸ் வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. வெளியே கடலில் இரண்டு படையும் மோதின. யார் வென்றார் என்று சொல்ல முடியாத சண்டை. துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கையிலேயே நின்றது. கோட்டையைக் கோட்டைவிட்ட ஒரு சண்டையின் பெயரைக் கப்பலுக்கு வைப்பார்களா என்பது என் நெடுநாள் சந்தேகம்.

1795 இல் ஆங்கிலேயர் மறுபடி பிடித்து, பிறகு விடவே இல்லை. கப்பல் கட்டிய அந்த 1810களில்தான் கிழக்கிந்தியக் கடற்படையின் தளத்தை மெட்ராஸிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸில் அப்போது துறைமுகமே கிடையாது, திறந்த கடலில் நங்கூரம் போட்டு, மசூலாப் படகில் அலை தாண்டிக் கரைக்கு வரவேண்டும். இங்கே எந்தப் பருவக்காற்றிலும் படையையே ஒளித்து வைக்கலாம். அந்தப் பெருமைக்காக வைத்த பெயர் என்றுதான் எனக்குப் படுகிறது. இது என் கணிப்பு மட்டும்.

ஒரு சின்ன விலகல்: நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்லஸ் ஆஸ்டின் இந்தக் கிழக்கிந்தியப் படைக்குத் தளபதியாக இருந்தவர். 1852 இல் பர்மாவில் இறந்தார், புதைத்தது எங்கள் ஊரில்.

நீரோட்டம்:
அந்தக் கப்பல் திருகோணமலையில் நின்று சேவை செய்ததா அண்ணை?

திருமலைக்கரை:
இல்லை. 1819 இல் இங்கிலாந்து போனபின் நம் கடல் பக்கம் திரும்பவே இல்லை. வேலை செய்ததெல்லாம் அமெரிக்காவின் இரண்டு கரைகளிலும்தான்.

பீரங்கிவாய்:
எல்லோரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், கொஞ்சம் இரும்பைப் பற்றியும் பேசுவோம்.

டிரிங்கோமலி லெடா வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்பின் வடிவம் இங்கிலாந்தில் பிறந்ததல்ல. ழாக்-நோயல் சானே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வடித்த எபே என்ற ஃபிரிகேட்டை 1782 இல் பிடித்தார்கள், அளந்து படம் எடுத்தார்கள், அதை வைத்துக் கட்டினார்கள். எபே பிடிபட்டதும் அதே செப்டம்பர் மாதம், திருகோணமலைச் சண்டை நடந்ததும் அதே செப்டம்பர் மாதம். எபே பிடிபட்ட விதம் இன்னும் வேடிக்கை. துரத்திய ரெயின்போ கப்பலில் சோதனைக்காகப் பெரிய காரனேட்கள் ஏற்றியிருந்தார்கள். காரனேட் என்பது குட்டையான, கனமான குண்டு போடும் பீரங்கி. முன்பக்கத்திலிருந்து வந்து விழுந்த குண்டின் அளவைப் பார்த்த பிரெஞ்சு கேப்டன், முன்னாலேயே இவ்வளவு பெரிய பீரங்கி இருந்தால் பக்கவாட்டில் என்னென்ன இருக்குமோ, இது ஃபிரிகேட் அல்ல, பெரும் போர்களில் வரிசையில் நின்று சண்டை போடும் பெரிய அணிக்கப்பல்தான் என்று முடிவுகட்டிச் சரணடைந்துவிட்டார்.

டிரிங்கோமலியின் அளவு: பீரங்கித் தளம் 150 அடி, அகலம் ஏறக்குறைய 40 அடி. வடிவமைப்பில் 46 பீரங்கி. அதில் பிரதானம் 28 எண்ணிக்கை 18 பவுண்டர்கள், அதாவது 18 பவுண்ட் எடையுள்ள குண்டு போடும் பீரங்கிகள். எதிரே கான்ஸ்டிடியூஷனில் இருந்தவை 24 பவுண்டர்கள், பலகையும் தடிமன். ஜாவா தோற்றது மாலுமிகளின் கோழைத்தனத்தால் அல்ல, இந்தக் கணக்கால். 1813 இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையான அட்மிரால்டி உத்தரவே போட்டது: 18 பவுண்டர் ஃபிரிகேட்கள் பெரிய அமெரிக்க ஃபிரிகேட்களோடு தனியாக மோத வேண்டாம்.

ஆக, டிரிங்கோமலி நீரில் இறங்கும்போதே பழைய சரக்கு. வடிவத்துக்கு 35 வயது. போரில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

தேக்குப்பலகை:
அதே லெடா வகுப்பு ஷானன்தான் 1813 ஜூன் 1 அன்று பாஸ்டன் வாசலில் வைத்து அமெரிக்க ஃபிரிகேட் செசபீக்கைக் கால் மணி நேரத்தில் பிடித்தது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பீரங்கிவாய்:
செசபீக்கும் 18 பவுண்டர் கப்பல்தான் நண்பரே. சமமான எடையில் நடந்த சண்டை. அங்கே வென்றது ஷானனின் கேப்டன் ப்ரோக் வருஷக்கணக்காக ஆட்களுக்குக் கொடுத்த பீரங்கிப் பயிற்சி. அவர் சொந்தப் பணத்தில் குறிபார்க்கும் கருவிகள் மாட்டிய மனிதர். கப்பலுக்கு மாலை போடாமல் அவருக்குப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எல்லாம் சரி. ஒரு பெரிய போரும் காணாத, பிறக்கும்போதே பழசான ஒரு கப்பல். அதைச் சீரமைக்க ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவு. நம் ஊரில் ஆயிரம் வருஷக் கோயில் இடிந்து கிடக்கிறது என்றால் வெள்ளையடிக்கக்கூட ஆள் இல்லை. இதில் அப்படி என்ன இருக்கிறது?

கொடிமரம்:
கோயிலை விடுங்கள், அதற்கு வேறு இழை இருக்கிறது. அது என்னதான் செய்தது என்று கேட்டால் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்.

முதலில் ஒரு பழைய கணக்கு. 1819 ஜனவரியில் இங்கிலாந்து போகும் வழியில் செயின்ட் ஹெலினாவில் நின்றது. அங்கே ஜான் ஸ்டோக்கோ என்ற கடற்படை மருத்துவர் நெப்போலியனைப் பரிசோதித்து, கல்லீரல் நோய் என்று எழுதிவிட்டார். தீவின் காற்று கைதிக்கு ஆகவில்லை என்று அதற்கு அர்த்தம் வருமே! கவர்னர் ஹட்சன் லோவுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டோக்கோ தீவை விட்டுக் கிளம்பியது டிரிங்கோமலியில். பிறகு அவரைத் தீவுக்கே திருப்பி அனுப்பி, இராணுவ விசாரணை வைத்து வேலையை விட்டு நீக்கினார்கள். கன்னிப் பயணத்திலேயே இப்படி ஒரு பயணி.

1845 இல் தூக்கம் கலைந்தது. பீரங்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் கனத்தைக் கூட்டினார்கள், தட்டையாக இருந்த பின்புறத்தை வளைவாக மாற்றினார்கள், பெயரளவில் ஃபிரிகேட்டிலிருந்து அதைவிடச் சிறிய வகையான கார்வெட் ஆக்கினார்கள். 1847 இல் கடலுக்குப் போனபோது கடற்படையில் நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டிருந்தன. நீராவிக்கு நிலக்கரிக் கிடங்கு வேண்டும். கிடங்கு இல்லாத தூரக் கடல்களுக்குப் பாய்மரம்தான் தோது. பழசுக்கு வேலை கிடைத்தது அதனால்தான்.

1847 முதல் 1850 வரை கேப்டன் வாரன் தலைமையில் கடற்படையின் வட அமெரிக்க, மேற்கிந்தியப் பிரிவில் பணி. ஹெயிட்டியில் கலவரம் நடந்தபோது போய் நின்றது, கியூபா மீது ஒரு படையெடுப்பு வரும் என்ற பேச்சு எழுந்தபோது காவல் காத்தது, அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் ரோந்தும் இருந்தது. 1849 இல் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கரை. 1852 முதல் 1857 வரை கேப்டன் ஹவுஸ்டன் தலைமையில் பசிபிக். கிரிமியப் போர் அப்போதுதான் வந்தது. 1854 இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து ரஷ்யாவின் பசிபிக் துறைமுகமான பெட்ரோபாவ்லொவ்ஸ்க்கைத் தாக்கி மூக்குடைபட்டார்கள். தாக்குதலுக்கு முன்னாலேயே தளபதி பிரைஸ் தன் கைத்துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டார். அந்தச் சண்டையிலும் டிரிங்கோமலி இல்லை! அது வடக்கே பெரிங் நீரிணைப் பக்கம் போயிருந்தது. ஆர்க்டிக் பயணி பிராங்க்ளினின் காணாமல்போன குழுவைத் தேடிப் பனியில் கிடந்த ப்ளோவர் கப்பலுக்கு ஆதரவாக அனுப்பியிருந்தார்கள்.

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில், டிரிங்கோமலி கால்வாய் என்று ஒரு நீர்வழி இன்றும் வரைபடத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே ஹவுஸ்டன் வழியும் இருக்கிறது.

திருமலைக்கரை:
அந்தக் கால்வாயைச் சொன்ன நீங்கள் 1856 ஐ விட்டுவிட்டீர்களே. அதே கரைதான்.

கவிச்சன் என்ற பள்ளத்தாக்கில், அங்கத்தைய பூர்வகுடியைச் சேர்ந்த தாத்லசுத் என்பவர் ஒரு வெள்ளைக் குடியேறியைச் சுட்டார். சுடப்பட்டவர் சாகவில்லை. கவர்னர் ஜேம்ஸ் டக்ளஸ் டிரிங்கோமலியின் மாலுமிகளையும் கடற்படைச் சிப்பாய்களையும் சேர்த்து 400 பேருக்கு மேல் திரட்டிக்கொண்டு போனார். காற்று நம்பகமில்லாத குறுகிய நீர்வழி, ஆகவே ஹட்சன் பே கம்பெனியின் ஆட்டர் என்ற நீராவிக் கப்பல் இதை இழுத்துக்கொண்டு போயிற்று. தாத்லசுத்தைப் பிடித்து, அங்கேயே விசாரணை வைத்து, அவருடைய மக்கள் கண்முன்னால் தூக்கிலிட்டார்கள்.

"பெரிய போர் எதுவும் காணாமலே" என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். சரிதான், போர் இல்லை. ஆனால் பீரங்கியைக் கரைப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நிற்பதற்கு என்ன பெயர்? கரையில் நிற்கிறவனுக்கு அது சும்மா நிற்கிற கப்பலாகத் தெரியாது. துறைமுக ஊரில் பிறந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

கணக்குப்பிள்ளை:
இதுதான் நான் கேட்டதற்கு உருப்படியான பதில். இந்தச் சங்கதியையும் எழுதி வைக்கிற அருங்காட்சியகமாக இருந்தால் செலவு தகும்.

பீரங்கிவாய்:
ஒப்புக்கொள்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஃபிரிகேட் செய்த வேலையில் பெரும்பங்கு இதுதான். போய் நிற்பது. 1805 இல் நெல்சனின் படை வென்ற டிராஃபல்கர் கடற்போர் மாதிரி ஒரு நாள் வரும், இப்படிப் போய் நின்ற நாள் ஆயிரம். அந்த வகையில் டிரிங்கோமலிதான் சரியான மாதிரிக் கப்பல்.

தேக்குப்பலகை:
மிச்சக் கதையையும் முடித்துவிடலாம். 1857 இல் திரும்பியது. 1860 முதல் பயிற்சிக் கப்பல்: முதலில் சண்டர்லாந்து, 1862 முதல் 1877 வரை ஹார்ட்டில்பூல், அப்புறம் சவுத்தாம்ப்டன். 1897 இல் உடைப்பதற்கு விற்றாயிற்று.

அதே வருஷம் ஜூனில் வீட்லி காப் என்ற செல்வந்தரின் கப்பல் ஃபூட்ராயன்ட் பிளாக்பூல் கரையில் புயலில் ஒதுங்கிச் சிதைந்தது. நெல்சனின் கொடிக்கப்பலாக இருந்தது அது. ஜெர்மன் உடைப்பாளர்களிடமிருந்து மீட்டு வைத்திருந்தார். மனிதர் தளரவில்லை. உடைப்பாளரிடமிருந்து டிரிங்கோமலியை வாங்கி, சீராக்கி, ஃபூட்ராயன்ட் என்றே பெயர் சூட்டி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். முதலில் ஃபால்மவுத், அப்புறம் மில்ஃபோர்ட் ஹேவன். அவர் இறந்தபின் 1932 இலிருந்து போர்ட்ஸ்மவுத். 1986 வரை அதில் பிள்ளைகள் தூங்கி எழுந்தார்கள், துடுப்புப் போட்டார்கள்.

போர்ட்ஸ்மவுத்தில் பக்கத்திலேயே நின்றது இம்ப்ளாகபிள். அது பிரெஞ்சுக் கப்பலாக டிராஃபல்கரில் சண்டை போட்டது, சில நாளில் பிடிபட்டு ஆங்கிலக் கப்பலானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதைப் பராமரிக்கப் பணம் இல்லை என்றார்கள். பிரான்ஸும் வேண்டாம் என்றது. 1949 டிசம்பர் 2 அன்று இரண்டு நாட்டுக் கொடியையும் ஏற்றி, வெடி வைத்து, ஆங்கிலக் கால்வாயில் மூழ்கடித்தார்கள். டிராஃபல்கரைப் பார்த்தது கடலுக்கடியில், எந்தப் பெயர் பெற்ற போரையும் பார்க்காதது மேலே. கொடிமரம் அண்ணன் சொன்ன தாமதம் இங்கே உதவவில்லை. பயன்பட்டுக்கொண்டே இருந்ததுதான் உதவியது. பள்ளிப் பிள்ளைகள் தூங்குகிற கப்பலை யாரும் வெடி வைக்கமாட்டார்கள்.

கொடிமரம்:
பயன்பாடு என்று பார்த்தால் இம்ப்ளாகபிளும் காப் எடுத்து வளர்த்த பயிற்சிக் கப்பல்தானே? அதிலும் பிள்ளைகள் இருந்தார்கள். வித்தியாசம் அளவு. 74 பீரங்கிக் கப்பலைப் பராமரிப்பது வேறு, ஃபிரிகேட்டைப் பராமரிப்பது வேறு. பீரங்கிவாய் சொன்ன அந்தச் சின்ன 18 பவுண்டர் உடம்புதான் காப்பாற்றியது. அதோடு நீங்கள் சொன்ன தேக்கு, அதை நான் மறுக்கவே இல்லை. பெரிய போர் ஒன்றில் அடிபட்டு உள்கட்டு தளர்ந்திருந்தால் தேக்கும் உதவியிருக்காது. என் கட்சி அப்படியே நிற்கிறது.

நீரோட்டம்:
இவ்வளவு சீரமைத்தபின் அதில் பம்பாய் மரம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இல்லை பேர் மட்டுமா?

தேக்குப்பலகை:
உடற்பகுதியில் 60 சதவீதத்துக்கு மேல் பழைய மரமே. 1987 இல் ஒரு பெரிய மிதவை மேல் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். வாரியர் என்ற இரும்புக் கப்பலை அங்கேதான் சீராக்கியிருந்தார்கள், ஆள்களுக்கும் வேலை தெரியும். 1990 இல் தொடங்கி 2001 வரை இழுத்தது, 105 லட்சம் பவுண்ட் ஆனது. நடுவில் 1992 இல் பழைய பெயரைத் திரும்ப வைத்தார்கள். விக்டரியில் பழைய மரம் இதைவிட மிகவும் குறைவு. முகப்புச் சிலையில் இருப்பது தலைப்பாகை கட்டிய ஒரு இந்தியர்.

கணக்குப்பிள்ளை:
போய்ப் பார்க்க முடியுமா? மகள் நியூகாசிலில் படிக்கிறாள், அடுத்த வருஷம் பட்டமளிப்பு.

கொடிமரம்:
தாராளமாக. நியூகாசிலிலிருந்து கடற்கரை ஓரமாக ரயில் உண்டு, ஹார்ட்டில்பூல் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். அரச கடற்படையின் தேசிய அருங்காட்சியகம் நடத்துகிறது, உள்ளே எல்லாத் தளத்துக்கும் இறங்கலாம். கீழ்த்தளத்தில் கூரை தாழ்வு, தலை பத்திரம். நேரம் இருந்தால் இன்னும் வடக்கே டண்டீக்குப் போங்கள். இதே லெடா வகுப்பில் 1824 இல் இறங்கிய யுனிகார்ன் அங்கே நிற்கிறது. அதற்குப் பாய்மரமே நட்டதில்லை, கட்டின அன்று போட்ட கூரை இன்னும் மேலே இருக்கிறது. 1819 இல் டிரிங்கோமலியை எப்படி மூடி வைத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் அதைப் பார்த்தால் போதும்.

பீரங்கிவாய்:
யுனிகார்ன் பற்றித் தனி இழை தொடங்குங்கள் அண்ணே. கப்பல் வடிவமைப்பாளர் செப்பிங்ஸ் இரும்பு முட்டுகளை வைத்து உள்கட்டு அமைத்த விதம் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, இங்கே எழுதினால் இது திசைமாறிவிடும்.